இருபத்துமூன்று வீடு, பதினாலு அடுப்பு

மங்களாம்பிகை டீச்சருக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. படியேறினால் படியை எண்ணுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை இலைகளை எண்ணுவார். அப்பாவிடமிருந்து வந்த புத்தி அது. அவர் தாராசுரத்தில் லைன்மேனாக இருந்தவர், கம்பங்களை எண்ணியே காலத்தைத் தள்ளியவர். எண்ணாதவன் ஏமாறுவான் என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். எண்ணுகிறவர்களும் ஏமாறுவார்கள், தங்களை நம்பினவர்களையும் சேர்த்துக் கவிழ்ப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. கெட்டவன் செய்கிற கெடுதலுக்காவது ஓர் அளவு உண்டு. நல்லவர்கள் அவசரப்பட்டுச் செய்கிற நல்லது இருக்கிறதே, ஐயோ, அதற்குக் கரையே கிடையாது. டீச்சர் நல்லவர், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் சிங்காரவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு, திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் இருந்த கூத்தமங்கலத்துக்கு வந்தார். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் விஞ்ஞானம் எடுத்தார். சிங்காரவேலு, மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் பதினைந்து மாவை, ஐந்து ஏக்கர் இருக்கும், குத்தகைக்குச் செய்துவந்தார். பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது, வெறும் வாய்ச்சொல். தை மாதம் மிராசுதார் தலையை ஆட்டினால் உழலாம். ஆட்டாவிட்டால் ஏரைச் சாத்திவிட்டு வீட்டில் உட்காரலாம். ஆற்றோரப் படுகையும் அவருடையதுதான். அந்தப் படுகை மேட்டில் அவருடைய பண்ணையாட்கள் தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தார்கள். படுகைத்தெரு என்று பெயர். மொத்தம் இருபத்துமூன்று வீடு. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் எண்ணுகிற டீச்சர் இதை மட்டும் எண்ணவில்லை.

எழுபதாம் வருஷம், கார்த்திகை மாதம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏழாம் வகுப்பில் ‘சக்தியின் மூலங்கள்’ பாடம். புத்தகம் நிலக்கரி, பெட்ரோலியம், நீர்வீழ்ச்சி என்று அடுக்கியது. கூத்தமங்கலத்துப் பிள்ளைகளுக்கு அடுப்புக்கரிதான் தெரியும், நிலக்கரிக்கு எங்கே போவார்கள்? மின்சாரம் மிராசுதார் வீட்டிலும் ரைஸ்மில்லிலும் நாலைந்து பம்புசெட்டிலும்தான் இருந்தது. டீச்சர் எரிச்சலோடு புத்தகத்தை மூடினார்.

“சக்தி எங்கேயோ நெய்வேலில இல்ல. உங்க வீட்டு அடுப்புல இருக்கு. வீட்ல என்ன எரிக்கிறீங்க, எங்கேருந்து வருது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுது, எல்லாம் பாத்து எழுதிக்கிட்டு வாங்க.”

பிள்ளைகளுக்குக் குஷி பிடித்துவிட்டது. ஒருத்தன் வரட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். ஒருத்தி தென்னை மட்டையை இழுத்து வந்து வகுப்பு முழுக்கச் சேறாக்கினாள். டீச்சர் வில்தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றையும் நிறுத்துக் காட்டினார். எந்த விறகு எவ்வளவு நேரம் எரிகிறது, மண்ணெண்ணெய் விளக்குத் திரியை எவ்வளவு இறக்கினால் ஒரு பாட்டில் எத்தனை நாள் கூடுதலாக வரும் என்றெல்லாம் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பாடம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

படுகைத்தெருவிலிருந்து வருகிற அகிலாண்டம் மட்டும் வெறும் தாளோடு நின்றாள்.

“எங்க வூட்ல அடுப்பு இல்ல டீச்சர்.”

“அடுப்பு இல்லாமலா சோறு திங்கிற?”

“மழைக்காலத்துல பெரிப்பா வூட்டு அடுப்புலதான் எல்லாருக்கும் ஆக்குவாங்க. எங்க வூடு ஒழுவும். அடுப்பு கரைஞ்சுபூடும். பொங்கலுக்குத்தான் திரும்பப் போடுவாங்க.”

“அப்ப நீங்க பெரியப்பா வீட்டோட சேத்தி. ஒரே வீடுன்னு எழுதிக்க.”

“வூடு வேற டீச்சர்.”

“அடுப்பு ஒண்ணுதானே? போய் உக்காரு.”

அகிலாண்டம் உட்கார்ந்து, சொன்னபடியே எழுதினாள்; அந்தத் தெருவிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். டீச்சரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தாராசுரத்தில் அவர் அண்ணன் பெண்டாட்டி கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு வைத்த அன்றுதான் அம்மா, “என் பிள்ளை தனியாப் போயிட்டான்” என்று அழுதாள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பம் என்றால் ஒரு வீடு. நாடு நகரமெல்லாம் அப்படித்தானே பேசுகிறது? படுகைத்தெருவில் வேறு மாதிரி. ஐப்பசி பிறந்துவிட்டால் காய்ந்த சுள்ளி தங்கத்துக்குச் சமம். கல்யாணமாகித் தனியே குடிசை போட்ட ஒன்பது குடும்பங்களும் மழை விடும்வரை அண்ணன் வீட்டிலோ அப்பன் வீட்டிலோ ஒன்றாக ஆக்கி, அவரவர் சட்டியில் வாங்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டில் தின்பார்கள். டீச்சர் அந்தத் தெருவுக்குள் ஒருநாள்கூடப் போனதில்லை.

பெரிய சார்ட் ஒன்று தயாரானது. ‘எங்கள் ஊர் வீடுகளில் சக்தி’ என்று தலைப்பு. முதல் கட்டத்தில் தெரு, இரண்டாவதில் வீட்டு எண், அப்புறம் எரிபொருள், கிடைக்கும் இடம், நாள் ஒன்றுக்கு எடை. படுகைத்தெருவுக்கு ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டார், முத்து முத்தான கையெழுத்தில். தஞ்சாவூரில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. மூலையில் தேதியோடு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மிராசுதார் பஞ்சநதம் பள்ளிக்கூடத்துக்கே வந்து டீச்சருக்குச் சால்வை போட்டார். சார்ட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் செலவு தன்னுடையது என்றார். கைதட்டல் அடங்கியபிறகு சார்ட்டின் அருகே போய், விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். படுகைத்தெருவில் விரல் நின்றது.

“பதினாலுதானாம்மா?”

“ஆமாங்கய்யா. ஒவ்வொரு வீடாக் கணக்கெடுத்தது.”

“நல்லது. ரொம்ப நல்லது” என்றார். சட்டம் போட்டு வந்த சார்ட், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். டீச்சருக்கு அதில் பெருமைதான்.

எழுபத்தொன்றில் சர்க்கார் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் எந்த உழைப்பாளி எந்த மனையில் குடியிருந்தானோ அந்த மனை அவனுக்கே. ஊர் எல்லையில் கறுப்பு சிவப்புக் கொடி ஒரு பக்கம், சங்கத்துச் சிவப்புக்கொடி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் படுகைத்தெரு ஜனங்கள் நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் நின்றார்கள். கிழக்கே, கூலி கூட்டிக் கேட்டவர்களின் குடிசைகள் எரிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மிராசுதார் ஒன்றும் பேசவில்லை. காரியக்காரர் தியாகராசன் மட்டும், அதாவது மிராசுதாரின் நிலபுலன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஆள், நாலு நாள் சங்கிலியைப் பிடித்துப் படுகையை அளந்தார். அளந்து முடித்து முள்வேலி போட்டார். அதுவரை சுள்ளியும் மட்டையும் பொறுக்கிக்கொண்டிருந்த படுகை அன்றோடு அடைபட்டது. ஐப்பசி மழை இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் தியாகராசன் டீச்சர் வீட்டுக்கு வந்தார். காபி வாங்கிக் குடித்தார். மாட்டைப் பற்றி விசாரித்தார்.

“புதன்கிழமை பள்ளிக்கூடத்துல தாசில்தார் விசாரணை டீச்சர். பதினாலு வீட்டுக்கு ஐயா ஒண்ணும் தடை சொல்லல. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க. மிச்சம் ஒன்பது குடிசை, சட்டம் வர்றது தெரிஞ்சு திடீர்னு போட்டது. அதான் உங்க சார்ட்டுலயே இருக்கே. நீங்க வந்து இது என் கையெழுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், “அது அடுப்புக் கணக்குங்க...” என்று ஆரம்பித்தார்.

“மேல வீட்டு எண்ணுன்னுதானே எழுதியிருக்கீங்க?” தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வர்றேன் சிங்காரம். தை மாசம் நெருங்குது. குத்தகைப் பேச்சு பேசணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அவர் போனபிறகு சிங்காரவேலு மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “மங்களா, உன் கையெழுத்துன்னு சொல்றது பொய்யில்லியே. சொல்லிட்டு வந்துடு. நமக்கென்ன?”

“ஒன்பது குடும்பம் தெருவுக்கு வந்துடுங்க.”

“நாம மட்டும் எங்க போவோம்?”

அவர் கேட்டதும் நியாயம்தான். டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் விசாரணையில் மென்று முழுங்கவும் இல்லை. கண்ணாடிச் சட்டத்தை மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைத் தொட்டுக் காட்டி, “ஐயா, இது அடுப்புக் கணக்கு. வீட்டுக் கணக்கு இல்ல. நான்தான் தப்பாத் தலைப்புப் போட்டுட்டேன்” என்று நேராகச் சொன்னார்.

“முத்திரையில தேதி பாருங்க சார்” என்றார் தியாகராசன், தாசில்தாரிடம். “சட்டத்துக்கு ஏழு மாசம் முன்னாடி எழுதினது. பரிசு வாங்குறப்போ தப்புன்னு டீச்சருக்குத் தெரியலையாம். இப்பத்தான் தெரியுதாம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தாசில்தார் மோசமான ஆள் இல்லை. படுகைத்தெருக்காரர்களிடம் வேறு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாமே அப்பன் பேரிலும் அண்ணன் பேரிலும் இருந்தன. பிள்ளைகள் எழுதின தாள்களும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி பதினாலு என்றே பேசின. தாசில்தார் பேனாவை மூடினார். “வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாக்குறேன். அந்த ஒன்பதுலயும் தனிக் குடித்தனம் நடக்குதான்னு பாத்தாத் தெரிஞ்சுபோகும்.”

டீச்சர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படுகைத்தெருவுக்குள் நடந்தார். சேறு கணுக்கால் வரை ஏறியது. அகிலாண்டத்தின் அம்மா தனபாக்கியம் வாசலில் வந்து நின்றாள்.

“வெள்ளிக்கிழமை தாசில்தார் வர்றார். ஒன்பது வீட்லயும் தனித்தனியா அடுப்பு போட்டுடுங்க. அவர் வர்றப்போ ஒன்பதும் எரியணும்” என்றார் டீச்சர், மூச்சிரைக்க.

தனபாக்கியம் யோசித்தாள். “ஈர மண்ணுங்க டீச்சரம்மா. அடுப்பு காயாது. எரிக்கத்தான் என்ன கெடக்கு? படுகைய அடைச்சுட்டாங்க. உள்ள வந்து பாக்கச் சொல்லுங்களேன். இந்தா, தூளி கட்டின மூங்கி எப்புடித் தேஞ்சிருக்கு பாருங்க. அகிலாண்டத்துலேருந்து நாலு புள்ள ஆடினது. எங்க மாமியா குடுத்த பெட்டி, ஒலக்க, கட்டுலு, எல்லாம் கெடக்கு. பாத்தாத் தெரியாதா?”

“தேஞ்ச மூங்கிலையெல்லாம் சர்க்கார் கணக்குல எழுத மாட்டாங்க தனபாக்கியம். அடுப்புதான் கணக்கு. சொன்னதைச் செய்ங்க.”

படித்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாத ஜனங்கள். வியாழக்கிழமை ஒன்பது வீட்டிலும் புது அடுப்பு உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பற்றவைத்தார்கள். ஒன்பது கூரையிலும் புகை கசிந்தது. டீச்சர் பள்ளிக்கூட வாசலில் நின்று எண்ணினார், ஒன்பது இருந்தது. நெஞ்சில் ஏறியிருந்த பாரம் பாதி இறங்கினாற்போல இருந்தது. அன்றைக்குப் பூராவும் மழை. தாசில்தார் ஜீப் வரவில்லை.

“எந்த நேரமும் வருவார், அணைய விடாதீங்க” என்று சொல்லி அனுப்பினார் டீச்சர்.

சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எதை வைத்து எரிகிறது என்று, ஒரு வருஷத்துக்கு முன்னால் சுள்ளி சுள்ளியாக நிறுத்துப் பார்த்த மனுஷி, ஒரு வாய் கேட்கவில்லை. வீட்டுக்குள் காய்ந்து கிடந்தது எதுவோ அதைத்தானே எரிக்க முடியும்? கோழிக்கூடு முதலில் போயிற்று. மீன் பிடிக்கிற பறி போயிற்று. ஏணி, உலக்கை, கட்டில் கால், மாமியார் கொடுத்த மரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனபாக்கியத்தின் புருஷன் தூளி மூங்கிலையும் இறக்கி வெட்டினான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. தியாகராசன் குடை பிடித்தார், டீச்சரும் பின்னாலேயே வந்தார். தாசில்தார் முதல் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். அதுதான் தனபாக்கியத்தின் வீடு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த குச்சியால் அடுப்பின் விளிம்பைத் தொட்டார். மண் பிசுபிசுவென்று குச்சியோடு வந்தது.

“எப்ப போட்ட அடுப்பும்மா இது?”

தனபாக்கியம் டீச்சரைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. “நாலு நாளு ஆச்சுங்க சாமி.”

“அதுக்கு முன்னாடி?”

“அகிலாண்டத்தோட பெரிப்பா வூட்லதான் ஆக்கினோம்.”

தாசில்தார் சுற்றிலும் பார்த்தார். நாலு சுவரும், இரண்டு மண்சட்டியும், ஒரு குடமும். “குடித்தனம் நடக்குற வீட்ல ஒரு பெட்டி இல்ல, ஒரு கட்டில் இல்ல. நேத்திக்கு வந்து ஏறின மாதிரில்ல இருக்கு?”

“ஐயா, இருந்துதுங்க!” டீச்சரின் குரல் கீச்சிட்டது. “எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. நீங்க வர்றப்போ அடுப்பு எரியணும்னு...”

“யார் அப்படிச் சொன்னது?”

“நான்தான்” என்றார் டீச்சர்.

தியாகராசன் குடையை மடக்கி ஓரமாகச் சாத்தினார். அவருக்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. மற்ற எட்டு வீட்டிலும் இதே கதைதான். ஒன்பது அடுப்பு, ஒன்பதும் ஈரம்.

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நேரில் பார்த்ததை மகஜராக எழுதினார்கள். ‘ஒன்பது குடிசைகளிலும் அடுப்புகள் புதியவை’ என்று முடிந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள். எழுதியிருந்தது உண்மை. உண்மையைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெருமை பேசியவர் அவர். பேனாவை வாங்கினார், பெயருக்கு மேலே ‘அடுப்பு புதிது, வீடு பழையது’ என்று எழுதப் போனார்.

“அதுக்கு இதுல எடமில்ல டீச்சர்” என்றார் தாசில்தார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். டீச்சர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே வீட்டுக்கு நடந்தார். அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. வேறு ஒருவர் போட்டார்.

தை மாதம் மிராசுதார் தலையை ஆட்டவில்லை. சிங்காரவேலு பதினைந்து மாவையும் விட்டுவிட்டு ரைஸ்மில்லில் மூட்டை தைக்கப் போனார். மனைவியை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாசியில் டீச்சருக்கு வேதாரண்யம் பக்கம் மாற்றல் வந்தது. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் எத்தனையோ ஊர்களில் அதே பாடத்தை நடத்தினார். வீட்டுக் கணக்கு எடுத்து வரச்சொல்லி ஒரு பிள்ளையையும் அனுப்பியதில்லை.

மாற்றல் வந்த அதே வாரம்தான் ஒன்பது குடிசைகளையும் பிரித்தார்கள். டீச்சர் போனார். போகாதே என்று தடுத்த சிங்காரவேலுவின் கையை உதறிவிட்டுப் போனார். தனபாக்கியம் கூரைக் கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அகிலாண்டம், கையில் சட்டி. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்புத்தான் கேட்க நினைத்திருப்பார். அழுகைதான் வந்தது.

தனபாக்கியம் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அழுவாதீங்க டீச்சரம்மா. எத்தன அடுப்புன்னு கேட்டீங்க, சொன்னோம். அடுப்பு போடுன்னீங்க, போட்டோம். எரின்னீங்க, இருந்ததெல்லாம் எரிச்சோம். எத்தன வருசமா இங்க இருக்கீங்கன்னு மட்டும் ஒரு வார்த்த கேக்காமப் பூட்டீங்களே.”